மலைப் பாதையும் கடைகளும்

திருப்பதிக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. ஆனால் அந்த மலையைச் சுற்றி இருப்பது தேசியப் பூங்கா என்பது பலருக்குத் தெரியாது. பூங்கா என்றால் பூச்செடி வைத்த தோட்டம் அல்ல. அது பெரிய காடு. அதன் பெயர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. 1989-ஆம் ஆண்டு அரசு இதை அறிவித்தது. பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். சிறுத்தை, கரடி, செந்நாய், கடமான், புள்ளிமான், தேவாங்கு எல்லாம் இங்கே வாழ்கின்றன.

இந்தக் காட்டில் தலகோனா என்ற அருவி இருக்கிறது. உயரம் 270 அடி. முன்பு அது சித்தூர் மாவட்டம். 2022-இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு திருப்பதி மாவட்டம். அங்கே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். எழுத்து தெலுங்கில் இருந்தால் என்ன? விலை எண்ணில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

அலிபிரியில் இருந்து திருமலைக்கு நடந்து போகிறவர்கள் காட்டு வழியாகத்தான் ஏறுகிறார்கள். படிகள் சுமார் 3,550. வழியில் டீ, மோர், சுண்டல், மாங்காய்க் கீற்று விற்கும் கடைகள் உண்டு. களைத்து வருகிறவர்களுக்குக் கடை தேவைதான். தின்ற மிச்சத்தை எங்கே போடுகிறோம் என்பதில்தான் ஆபத்து.

மிச்சத்தைக் கீழே போட்டால் நாய் வரும், பன்றி வரும். குரங்குக்கும் மானுக்கும் தின்னக் கொடுத்தால், அவையும் பாதை ஓரத்திலேயே நிற்கும். இவை எல்லாம் சிறுத்தைக்கு இரை. இரை இருக்கும் இடத்துக்குச் சிறுத்தை வரும். அங்கே சின்னக் குழந்தை தனியாக ஓடினால், அதையும் இரை என்றே நினைக்கும்.

2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். பெற்றோருடன் இரவில் நடந்து வந்தவள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது. அவன் பிழைத்தான். இதன் பிறகு, பகல் 2 மணிக்கு மேல் பிள்ளைகளைப் பாதையில் விட மாட்டோம் என்று தேவஸ்தானம் அறிவித்தது. விலங்குகளுக்கு உணவு போடவும் தடை வந்தது. நடப்பவர்களுக்குக் கைத்தடி கொடுத்தார்கள். தடி இருந்தாலும் குழந்தையின் கையை விடக்கூடாது. இப்போது என்ன நேரம், என்ன விதி என்று அலிபிரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமலையில் 2022 முதல் பிளாஸ்டிக்குக்கு முழுத் தடை. கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விற்கிறார்கள். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு வாங்கிய பணம் திரும்பக் கிடைக்கும். பலர் கேட்காமலேயே வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, செம்மரம். இந்த மலைகளின் விலை உயர்ந்த மரம் அது. செம்மரப் பொம்மை, மாலை என்று யாராவது ரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள். கடையில் வாங்கினாலும் ரசீது கேளுங்கள். காட்டில் செம்மரம் வெட்டுவது குற்றம். கூலி அதிகம் என்று ஆசை காட்டித் தமிழ்நாட்டு ஏழைகளை மரம் வெட்ட அழைத்துப் போகும் தரகர்கள் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து ஆட்களே அதிகம். மரத்தை விற்றுப் பணம் பார்க்கிறவன் காட்டுக்குள் வருவதில்லை.