தொலைவும் பயண நேரமும்

தில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கி.மீ. விமானம் அதனை மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடும். தொலைவு மிகுந்தால் பயண நேரமும் மிகும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால், நெடுந்தொலைவுப் பயணங்களில் இவ்வெண்ணம் பொய்த்துப்போவதும் உண்டு. தில்லிக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான வான்வழி இதற்குச் சான்றாகும்.

குறுகிய வழி எது?

புவி உருண்டை மாதிரியில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்து இணைத்தால், அந்நூல் இமயமலை, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், அலாஸ்கா ஆகியவற்றின் மேலாகச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி. அதன் தொலைவு சுமார் 12,400 கி.மீ. எனினும் விமானங்கள் எப்போதும் அவ்வழியில் செல்வதில்லை. உயர்ந்த மலைகள், பிற நாடுகளின் வான்வெளி விதிகள், காற்றின் போக்கு ஆகிய அனைத்தையும் கருதியே வழி வகுக்கப்படுகிறது.

காற்றின் துணை

ஏர் இந்தியா விமானங்கள் முதலில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ சென்றன. அவ்வழியின் தொலைவு சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் ஒரு விமானம் கிழக்கு நோக்கி, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சென்றது. அது 15,300 கி.மீ. தொலைவைச் சுமார் 14½ மணி நேரத்தில் கடந்தது. வழி 1,400 கி.மீ. நீண்டது, நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது!

இதற்குக் காரணம் ஜெட் காற்றோட்டம். இது தரையிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசுகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 100 கி.மீ. வேகக் காற்று பின்னிருந்து தள்ளினால், தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,000 கி.மீ. ஆகும். அதே காற்று எதிர்த்து வீசினால் வேகம் 800 கி.மீ. ஆகக் குறையும். பறக்கும் நேரம் குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும்.

புவி சுழல்வதால் நகரமே விமானத்தை நோக்கி வந்துவிடாதா எனச் சிலர் ஐயுறுவர். காற்றும் புவியோடு சேர்ந்தே சுழல்வதால் அவ்வாறு நிகழ்வதில்லை.

கடிகாரம் காட்டும் விந்தை

தில்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் விமானம் 14½ மணி நேரம் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது, தில்லியில் மாலை 6.30 மணி. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் நேரம் இந்திய நேரத்திற்கு 12½ மணி பின்தங்கியிருக்கும். ஆகவே அங்கே அதே நாள் காலை 6 மணி! கடிகாரத்தின்படி இரண்டு மணி நேரமே கழிந்திருக்கும். எனவே, புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் மட்டும் கொண்டு பயண நேரத்தைக் கணக்கிடலாகாது. இரு ஊர்களின் நேர வேறுபாட்டையும் அறிதல் வேண்டும்.

பயிற்சி

1. நீண்ட வழியில் சென்ற விமானம் விரைவில் சேர்ந்தது ஏன்?
2. பசிபிக் வழியில் சென்ற விமானத்தின் சராசரி வேகத்தைக் கணக்கிடுக.
3. ‘எதிர்க்காற்று’ – பிரித்து எழுதுக.