ஏரிக்கரையில் ஓர் இரவு: இன்சுலின் எடுத்துக்கொள்வோர் கவனத்திற்கு

ஆண்டுதோறும் பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர், மூன்று மாதங்களுக்கான மருந்துச் சீட்டும் விமான நிலையத்தில் காட்ட ஒரு கடிதமும் கேட்பர். கனடாவில் வாழும் பிள்ளைகளுடன் கோடையைக் கழிக்கச் செல்லும் பெற்றோர் அவர்கள். அண்மைக் காலமாக அவர்களிடமிருந்து இன்னொரு கேள்வியும் வருகிறது: “கேனூவில் ஏரிக்குள் போய், கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கலாம் என்று மகன் கூப்பிடுகிறான். இன்சுலின் போட்டுக்கொள்கிற நான் போகலாமா?” கேனூ என்பது இருவரோ மூவரோ அமர்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய, இலேசான படகு.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை எங்கள் விடை “வேண்டாம்” என்பதாகவே இருந்தது. அவ்விடையைப் பெற்றுச் சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஊர் திரும்பியதும் சொன்னார்: “பேரப்பிள்ளைகள் எல்லோரும் போனார்கள், டாக்டர். நான் இன்சுலினுக்குக் காவலாக வீட்டில் இருந்தேன்.” அவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடப்பவர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர். எந்த ஏரி, எவ்வளவு தூரம், யார் உடன் வருகிறார் என்று ஒரு சொல்லும் கேளாமல் மறுத்தது எங்கள் தவறு. இப்போது அவற்றைத்தான் முதலில் கேட்கிறோம்.

டொராண்டோ பகுதியில் வாழ்வோர் இதற்காகப் பெரும்பாலும் செல்லுமிடம் அல்கான்குவின் மாநிலப் பூங்கா. 1893ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது; 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடும் ஏரிகளும் கொண்டது. நகரிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். அங்கே ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லப் பல இடங்களில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். இதைப் ‘போர்ட்டேஜ்’ என்பர். ராக் லேக்கிலிருந்து பென் லேக்கிற்கு இந்தப் பாதை 375 மீட்டர்தான். ஆனால் படகு ஒரு முறை, மூட்டைகள் ஒரு முறை என்று இரண்டு தடவை சுமந்தால், இடையில் வெறுங்கையோடு திரும்புவதையும் சேர்த்து மூன்று முறை நடக்க நேரும். ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வரைபடத்தில் உள்ள எண்ணை மூன்றால் பெருக்கிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். முதல் பயணத்திற்குத் தூக்கி நடத்தலே இல்லாத ஓர் ஏரி, அதில் ஒரே கூடாரத் தலம், காரை நிறுத்திய இடத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத் துடுப்பு என்ற அளவு போதும்.

கூட்டம் வேண்டாம் என்பதற்காகக் காட்டின் உள்ளே வெகுதொலைவு செல்ல விரும்புவோர் உண்டு. எங்கள் நோயாளிகளுக்கு அது ஏற்றதன்று. உட்பகுதியில் பெரும்பாலும் கைப்பேசி இயங்காது. தொலைவு கூடக்கூட உதவியும் தொலைவாகும். கூட்டத்தைத் தவிர்க்க நாள்காட்டியே போதும். ஜூலை 1ஆம் நாளைச் சுற்றிய விடுமுறை, ஆகஸ்ட் முதல் திங்கள், செப்டம்பர் முதல் திங்கள் ஆகியவற்றை ஒட்டிய வார இறுதிகளில் ஏரிகள் நிரம்பிவிடும். ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு செவ்வாயோ புதனோ சென்றால் அதே ஏரி அமைதியாக இருக்கும். ஜூன் மாதத்துக் கொசுத் தொல்லையும் பெரிதும் அடங்கியிருக்கும். இடப்பதிவை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே செய்யலாம். உட்பகுதியில் பதிவு ஏரிக்குத்தான், குறிப்பிட்ட கூடாரத் தலத்திற்கு அன்று. முன்னால் வந்தவர் நல்ல இடத்தைப் பிடிப்பார். எனவே காலையிலேயே படகில் ஏறுங்கள். பெரிய ஏரிகளில் பிற்பகலில் காற்று எழுந்து அலை கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணம். நேர வேறுபாட்டிற்கேற்ப ஊசி வேளைகள் நிலைபெற வேண்டுமாதலால், ஊரிலிருந்து போய் இறங்கிய முதல் வாரத்தில் இந்தப் பயணம் வேண்டாம்.

இனி மருந்து. எங்களைப் பெரிதும் அஞ்சவைப்பது கரடியன்று, சிரிஞ்சு. நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுள்ளது. சிவப்பு மூடியிட்ட 40 யூனிட் சிரிஞ்சு அதற்குரியது. கனடாவில் வழக்கிலுள்ளது 100 யூனிட் செறிவு. அங்கே வாங்கிய 100 யூனிட் இன்சுலினை இங்கிருந்து கொண்டுபோன சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை ஏற்றினால், உடலில் சேர்வது 25 யூனிட். மாறாக, நம் குப்பியை அங்கத்திய சிரிஞ்சில் ஏற்றினால் 10க்குப் பதில் 4 யூனிட்தான் கிடைக்கும். இரண்டும் கேடு, முன்னது உயிருக்கே கேடு. போதிய சிரிஞ்சுகளை இங்கிருந்தே கொண்டுசெல்லுங்கள். அல்லது பயணத்திற்கு முன்பே எங்கள் ஆலோசனையுடன் பேனா ஊசிக்கு மாறிவிடுங்கள். குளூக்கோமீட்டர் எண்களும் மாறுபடும். அங்கத்திய கருவி 3.9 என்று காட்டினால் அது நம் கணக்கில் 70. அவர்களின் எண்ணை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் வரும்.

விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறையில் உறைந்துவிடக்கூடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. படகில் பனிக்கட்டிப் பெட்டியில் நேரடியாக வைப்பதும் இதே தவறுதான். கோடையிலும் அங்கே இரவு குளிர்ந்திருக்கும். பயன்பாட்டிலுள்ள குப்பியை வெயில் படாமல் துணிக்குள் சுற்றி வைத்தாலே ஓரிரவுக்குப் போதும். நீர்புகாப் பைகள் இரண்டில் மருந்தைப் பிரித்து, இரு படகுகளில் வையுங்கள். ஒரே படகு என்றால் ஒரு பையை உயிர்காப்புச் சட்டையோடு வருபவர் இடுப்பிலேயே கட்டிக்கொள்ளட்டும். பூங்காவின் உட்பகுதிக்குள் தகரக் குவளைகளும் கண்ணாடிப் புட்டிகளும் கொண்டுசெல்லத் தடை உண்டு. மருந்துக் குப்பிகளுக்கு விலக்கு இருக்கிறது. பழச்சாறு டின்னை நம்பிப் போகாதீர்கள்.

துடுப்பு வலித்தல் பார்ப்பதற்கு எளிது. தோளும் முதுகும் அயராது உழைக்கும். உழைக்கும் தசை அருகே போட்ட ஊசி விரைவாக உறிஞ்சப்படும். ஆகவே அன்று கையில் வேண்டாம், வயிற்றில் போடுங்கள். புறப்படுமுன்னும், பின்னர் மணிக்கு ஒரு தடவையும் சர்க்கரையைப் பார்க்கவும். 70க்குக் கீழ் இருந்தால் துடுப்பை வைத்துவிட்டு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி, அதாவது ஏறத்தாழ 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு.

பகலைவிட இரவே கவலைக்குரியது. உழைத்த தசைகள் பல மணி நேரம் கழித்தும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். மாலையில் எல்லாம் நன்றாக இருந்து, நள்ளிரவுக்குப் பின் சர்க்கரை தாழ்வது இதனால்தான். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கும் இது நேரலாம். அன்றிரவு நீண்டநேர இன்சுலினை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்க நாங்கள் பலருக்குச் சொல்வதுண்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதைக் கேட்டறியாமல் செய்யாதீர்கள். படுக்கும்போது 130க்குக் குறைவாக இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டுப் படுங்கள். இரவு இரண்டு மணிக்கு உடனிருப்பவர் எழுந்து ஒரு முறை பார்க்கட்டும். குளிரில் கருவி வேலை செய்யாமல் போகலாம். அதைப் போர்வைக்குள் வைத்திருங்கள். இரத்த அழுத்தத்திற்காகவோ இதயத்திற்காகவோ பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். குளிர்ந்த இரவில் நனைந்த கழுத்தை எவரும் பனி என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கேதான் ஒரு சிக்கல். கரடிகள் உள்ள காடு என்பதால் உணவு எதையும், பற்பசையைக்கூட, கூடாரத்தில் வைக்கக் கூடாது. மூட்டையாகக் கட்டி, தள்ளியிருக்கும் மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்தவரின் மருந்து மரத்தின் மேல் இருக்கும்! இருட்டில், கைநடுங்க, கயிற்றை அவிழ்க்க முடியுமா? மணமோ சுவையோ சேர்க்காத வெறும் குளுக்கோஸ் பொடியை இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டு, அதை மணம் கசியாத பையில் அடைத்து, தலைமாட்டில் வையுங்கள். பூங்கா அலுவலர்களிடம் நுழையும்போதே காரணத்தைச் சொல்லி அவர்களின் அறிவுரையையும் கேளுங்கள். பிஸ்கட், பேரீச்சம்பழம், மிட்டாய் எல்லாம் மரத்திற்கே. நினைவு தப்பியவர் வாயில் பொடியை ஊட்டக் கூடாது. குளுக்ககான் கொண்டுசெல்வீர்களானால் அதைச் செலுத்த உடன்வருபவர் முன்பே பழகியிருக்க வேண்டும். கைப்பேசி இயங்காத இடத்தில் உதவி கோரும் செயற்கைக்கோள் தகவல் கருவி வாடகைக்குக் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

கால்களைப் பற்றிச் சுருக்கமாக: கரையிறங்கும் பாறைகள் வழுக்கும். நீரிலும் வெறுங்காலோடு இறங்காதீர்கள். மாலையில் உலர்ந்த காலுறை மாற்றி, பாதத்தின் அடியை மகனோ மகளோ விளக்கொளியில் பார்க்கட்டும். உணர்ச்சி குறைந்த காலில் கீறல் வலிக்காது.

ஆறாத கால்புண் உள்ளோர், கடந்த மூன்று மாதங்களில் தாழ்சர்க்கரையால் நினைவிழந்தோர், அண்மையில் மாரடைப்பு வந்தோர், விழித்திரையில் இரத்தக்கசிவு உள்ளோர் ஆகியோரிடம் இப்போதும் “இந்த ஆண்டு வேண்டாம்” என்றே சொல்கிறோம். அவர்கள் பகலில் ஏரிக்கரைக்குச் சென்று மாலையில் திரும்பலாம்.

மற்றவர்கள் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாக எங்களிடம் வாருங்கள். மருந்துகள் முழுவதையும், குளூக்கோமீட்டரையும், இயன்றால் ஏரியின் வரைபடத்தையும் கொண்டுவாருங்கள். அந்த ஆசிரியை இம்முறை வரைபடத்தை அச்சிட்டே எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் அன்றைய காலை, இரவு ஊசி அளவுகளையும், இரண்டு மணிச் சோதனைக்கு எழப்போகும் மருமகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம்.