ஒரே பட்டியலில் பல வகைத் தகவல்கள்

அரசின் நலத்திட்டங்கள் பலவற்றில் உதவித்தொகை பயனாளியைச் சென்றடைவது இன்று கணிப்பொறியின் வழியாகவே நடைபெறுகிறது. 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கப்பட்ட நேரடிப் பயன் பரிமாற்றத் திட்டம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. பணம் கொடுக்கும் எழுத்தர் ஒருவர் பட்டியலில் ஐயத்துக்கிடமான வரி ஒன்றைக் கண்டால் நிறுத்தி விசாரிப்பார். கணிப்பொறி அவ்வாறு செய்வதில்லை. எழுதித் தரப்பட்ட நிரலின்படி அடுத்த வரிக்குச் சென்றுவிடும். எனவே, பலதரப்பட்ட தகவல்களை ஒரே பட்டியலில் வைத்துக் கையாளும் நிரல் எவ்வாறு எழுதப்படுகிறது என்பது நிரலாளரின் அக்கறைக்கு மட்டும் உரிய பொருளன்று. நிர்வாகத்தின் அக்கறைக்கும் உரியது.

முதியோர் உதவித்தொகைப் பட்டியல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிலருக்கு வங்கிக் கணக்கின் மூலம் பணம் செல்கிறது. அதற்குக் கணக்கு எண்ணும், வங்கிக் கிளையைக் குறிக்கும் 11 எழுத்துக் குறியீடும் வேண்டும். சிலருக்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு; அதற்கு அஞ்சலகத்தின் பெயரும் கணக்கு எண்ணும் தேவை. வேறு சிலருக்கு ரொக்கமாக வழங்க நேரிடலாம். அதற்குப் பெற்றுக்கொள்ளும் இடமே போதும். மூன்றும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் உள்ளடக்கமும் வேறு. இதுவே கலப்பு வகைக் கொள்கலம்.

கணிப்பொறி காண்பது

கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்து, எண், தேதி என்ற வேறுபாடு இல்லை. அனைத்தும் 0, 1 என்னும் பிட்டுகளே. ஒரே 32 பிட்டுகளின் வரிசையை முழு எண்ணாகப் படித்தால் 106 கோடியைத் தாண்டும் 1065353216 என்ற எண் கிடைக்கலாம். அதே வரிசையைத் தசம எண்ணுக்குரிய முறையில் படித்தால் கிடைப்பது வெறும் 1.0. பிட்டுகள் மாறவில்லை, படித்த முறைதான் மாறியது. ஒரு தகவல் எந்த வகையைச் சேர்ந்தது என்ற அறிவு எங்கேனும் பாதுகாக்கப்பட்டாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணமாகும்.

இவ்வறிவைப் பாதுகாப்பதில் கணிப்பொறி மொழிகள் இரு பிரிவாக நிற்கின்றன. பைத்தான் போன்ற மொழிகளில் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தன்னுடனேயே சுமந்து செல்கிறது. நிரல் ஓடும்போதுதான் பொருத்தம் சோதிக்கப்படுகிறது. பாஸ்கல், ஜாவா, சி++, ரஸ்ட் போன்ற மொழிகளில் வகை முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது அல்லது முடிவு செய்யப்படுகிறது. நிரலை இயந்திரத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றும் கம்பைலர், நிரல் ஓடுவதற்கு முன்பே பொருத்தத்தைச் சோதித்துவிடுகிறது. பிழை அலுவலக மேசையிலேயே பிடிபடுகிறது என்பது இரண்டாவது பிரிவின் சிறப்பு. ஆனால் 'இப்பட்டியலில் இன்ன வகைதான் இருக்கும்' என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லும் மொழியில், பல வகைகள் கலந்த பட்டியலை எவ்வாறு வைப்பது? இக்கேள்விக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் பல விடைகள் காணப்பட்டுள்ளன.

இருவகைக் கலப்பு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பயனாளியின் பதிவில் பெயர் எழுத்தாகவும், வயது எண்ணாகவும், பிறந்த நாள் தேதியாகவும் இருப்பது ஒரு வகைக் கலப்பு. இங்கு ஒவ்வொரு தகவலுக்கும் நிலையான இடமும் நிலையான வகையும் உண்டு. இது எளிதில் தீர்ந்த சிக்கல். 1960 வாக்கில் வெளிவந்த கோபால் மொழியே இத்தகைய பதிவுகளைச் செவ்வனே கையாண்டது. பட்டியலின் ஒரே இடத்தில் வங்கி விவரமும் வரலாம், அஞ்சலக விவரமும் வரலாம் என்னும் நிலையே உண்மையான சிக்கலாகும்.

பொதுப் பெயரில் அடைத்தல்

எளிதாகத் தோன்றும் வழி, எல்லாவற்றையும் 'பொருள்' என்ற பொதுப் பெயரில் அடைத்துவிடுவது. 1998ஆம் ஆண்டு ஜாவா மொழியுடன் வழங்கப்பட்ட கொள்கலங்கள் இம்முறையில் அமைந்தவையே. எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். வெளியே எடுக்கும்போது 'இது வங்கி விவரம்' என்று நிரலாளர் உறுதி கூற வேண்டும். அவ்வுறுதி தவறாக இருந்தால் கம்பைலர் அதை அறியாது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடும். முன்னரே சோதிக்கும் மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அச்சோதனையைக் கைவிட்டதாகவே இது முடிகிறது.

2004இல் ஜாவாவின் 5ஆம் பதிப்பு, கொள்கலத்தில் எவ்வகைப் பொருள் இருக்கும் என்பதை அறிவிக்கும் வசதியைத் தந்தது. ஒரே வகைப் பட்டியல்களுக்கு இது பெரும் பாதுகாப்பாக அமைந்தது. எனினும் கலப்புப் பட்டியலுக்கு இது மட்டும் போதவில்லை. கலந்த வகைகள் எவை எவை என்று சொல்வதற்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது.

எல்லாவற்றையும் எழுத்துகளாகவே வைப்பதும் இதற்கு ஒப்பானதே. அத்தகைய பட்டியலில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஊரின் பெயர் வந்தாலும் கம்பைலர் தடுக்காது.

குறியில்லாத கலப்பு

நினைவகம் மிக அரிதாக இருந்த காலத்தில் இடத்தைச் சேமிப்பதே முதல் கவலையாக இருந்தது. 1960இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 10,240 பைட்டுகள். ஒரு லட்சம் பயனாளிகளின் பதிவுகளில், எவ்வகை என்று காட்டும் குறிக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பைட் ஒதுக்கினாலும், அந்த நினைவகம் முழுவதையும் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தேவைப்படும்.

இத்தகைய சூழலில் சி மொழி, பல வகைகள் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும் 'யூனியன்' என்னும் அமைப்பை ஏற்றது. உள்ளே இருப்பது எது என்பதை மொழி நினைவில் வைப்பதில்லை. நிரலாளரே நினைவில் வைக்க வேண்டும். நிக்லாஸ் விர்த் 1970இல் வடிவமைத்த பாஸ்கல் மொழியில் வகைக் குறியைச் சேர்க்க இடம் இருந்தது. ஆயினும் அதை விட்டுவிடவும் மொழி அனுமதித்தது. ஆல்கால் 68 மொழியோ குறியைக் கட்டாயமாக்கியது. எவ்வகை என்று சோதித்த பின்னரே உள்ளிருப்பதை எடுக்க முடியும். பாதுகாப்பான வழி அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்கும்.

பொருளே தன் பணியைச் செய்தல்

நார்வே நாட்டில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நியூகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழி வேறொரு பாதையைக் காட்டியது. பட்டியலில் உள்ளது எவ்வகை என்று கேட்பதற்குப் பதிலாக, 'பணத்தை அனுப்பு' என்ற கட்டளையை மட்டும் இடுவது. வங்கி விவரம் தனக்குரிய முறையிலும், அஞ்சலக விவரம் தனக்குரிய முறையிலும் அக்கட்டளையை நிறைவேற்றும். எல்லா வகைகளும் ஒரே கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதைக் கம்பைலர் சோதிக்கிறது.

புதிய வகை ஒன்றைச் சேர்ப்பது இம்முறையில் எளிது. பழைய நிரலைத் தொட வேண்டியதில்லை. மாறாக, 'ரசீது அச்சிடு' என்ற புதிய பணி தேவைப்பட்டால் ஒவ்வொரு வகையையும் திறந்து மாற்ற வேண்டும். வகைகள் அடிக்கடி பெருகி, பணிகள் அதிகம் மாறாத இடங்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது.

வகைக் குறியும் முழுமைச் சோதனையும்

பணிகள் பெருகி, வகைகள் சிலவாகவே இருக்கும் இடங்களுக்கு ஏற்ற முறை ஒன்று உண்டு. 'தொகை வழங்கும் முறை என்பது வங்கி, அஞ்சலகம், ரொக்கம் ஆகிய மூன்றில் ஒன்று. நான்காவது இல்லை' என்று நிரலிலேயே அறிவித்துவிடுவது. ஒவ்வொரு மதிப்புடனும் வகைக் குறி பிரியாமல் செல்லும். ராபின் மில்னரும் அவர் குழுவினரும் 1970களில் எடின்பரோவில் உருவாக்கிய எம்.எல். மொழியின் மரபில் இம்முறை வளர்ந்தது. பின்னர் 2015இல் முதற்பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழியிலும், சி++ மொழியின் 2017ஆம் ஆண்டுத் தரநிலையிலும், 2023இல் வந்த ஜாவாவின் 21ஆம் பதிப்பிலும் இதற்கான வசதிகள் இடம்பெற்றன.

இதன் பயன் மாற்றம் நேரும்போதுதான் நன்கு புலப்படும். உதவித்தொகைப் பட்டியலில் நான்காவதாக, ஆதார் எண்ணைக் கொண்டு பணம் அனுப்பும் முறை சேர்க்கப்படுகிறது என்று கொள்வோம். பழைய நிரலில் 'வங்கியாயின் இவ்வாறு செய்; அஞ்சலகமாயின் இவ்வாறு செய்; இவை அல்லாதவை ரொக்கம்' என்று எழுதப்பட்டிருந்தால், புதிய வகையும் ரொக்கமாகவே கணக்கிடப்படும். நிரல் நிற்காது, எச்சரிக்கை எதுவும் வராது. ரொக்கப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். பணத்தைக் கணக்கில் எதிர்பார்க்கும் முதியவருக்கு அது வந்து சேராது. அலுவலகப் பதிவேட்டிலோ ஏற்பாடு முடிந்ததாகவே இருக்கும்.

நிரல் மூன்று வகைகளையும் பெயர் சொல்லித் தனித்தனியே கையாண்டிருந்தால் நிலைமை வேறு. நான்காவது வகை அறிவிக்கப்பட்டவுடன், அதைக் கையாளாத ஒவ்வொரு இடத்தையும் கம்பைலர் சுட்டிக்காட்டும். பணம் அனுப்பும் பகுதி, தணிக்கைப் பகுதி, ரசீதுப் பகுதி ஆகிய அனைத்தும் திருத்தப்படும் வரை ரஸ்ட் போன்ற மொழிகளில் நிரல் உருவாகவே செய்யாது. ஆனால் இம்மொழிகளிலும் 'மற்றவை அனைத்தும்' என்று ஒரு கிளையை எழுதிவிட்டால் இப்பாதுகாப்பு போய்விடும். கருவி எவ்வளவு சிறந்ததாயினும் அதைப் பயன்படுத்தும் ஒழுங்கும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

'இல்லை' என்பதும் ஒரு வகை

ஒரு குடும்பத்தின் வருமானம் 0 என்பதும், வருமானம் பதியப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. பதியப்படாததை 0 என எழுதிவிட்டால் சராசரி குறையும். தகுதியில்லாதவர் தகுதி பெறுவார். டோனி ஹோர் 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக 'எதையும் சுட்டாத சுட்டி' என்ற கருத்தை அறிமுகப்படுத்தினார். எந்த இடத்திலும் மதிப்பு இல்லாமல் இருக்கலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. 2009இல் அவரே அதனை நூறு கோடி டாலர் தவறு என்று வர்ணித்தார். 'மதிப்பு உண்டு', 'மதிப்பு இல்லை' ஆகிய இரண்டையும் தனி வகைகளாக அறிவித்தால், இல்லாத மதிப்பைக் கூட்டவோ கழிக்கவோ கம்பைலர் இடம் தராது.

வாசலில் நேரும் பிழை

நிரலுக்குள் எத்தனை ஒழுங்கு இருந்தாலும், தகவல் வெளியிலிருந்துதான் வருகிறது. விரிதாள் ஒன்றின் ஒவ்வொரு கட்டமும் கலப்பு வகைக் கொள்கலமே. அங்கு வகையை அறிவிப்பவர் இல்லையெனில் மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது. 00123456789 என்ற கணக்கு எண்ணை எண்ணாகக் கருதி முன்னுள்ள இரு சுழிகளையும் நீக்கிவிடுகிறது. எக்செல் எண்களை 15 இலக்கத் துல்லியத்தில் மட்டுமே வைப்பதால், 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். ஒரே இலக்கம் மாறினாலும் பணம் திரும்பி வரலாம்; அல்லது பிறர் கணக்கைச் சேரலாம்.

இது நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரிய இடரன்று. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, விரிதாள்கள் மார்ச், செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவிட்ட பெயர்களைக் கருதி, அப்பெயர்களையே மாற்றியமைத்தது. இதற்கான நெறிமுறைகளை 2020இல் வெளியிட்டது. மென்பொருளின் ஊகத்துக்கு அறிவியல் பெயர்கள் வழிவிட நேர்ந்தது.

ஒரு தகவல் எண்ணா, எழுத்தா என்பதை அறிய எளிய சோதனை உண்டு: இதை யாரேனும் கூட்டவோ கழிக்கவோ போகிறார்களா? இரு பயனாளிகளின் உதவித்தொகையைக் கூட்டுவது பொருளுள்ள செயல். அவர்களின் கணக்கு எண்களைக் கூட்டுவது பொருளற்றது. ஆகவே கணக்கு எண், தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவை இலக்கங்களால் ஆனவையாயினும் எழுத்துத் தொடர்களே. 12 இலக்க ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே அமைந்தது. தட்டச்சுப் பிழையை வாசலிலேயே கண்டுபிடிக்க அது உதவும்.

முடிவாக

கலப்பு வகைப் பட்டியல்களைத் தவிர்க்க முடியாது. மக்களின் வாழ்நிலைகள் பலவகைப்பட்டவை என்பதால் அவர்களைப் பற்றிய பதிவுகளும் பலவகைப்பட்டவையாகவே இருக்கும். தேவைப்படுவது, வகைகள் எவை என்பதை வெளிப்படையாக அறிவிப்பதும், வகைக் குறியை மதிப்பிலிருந்து பிரிக்காதிருப்பதும், வெளியிலிருந்து வரும் தகவலை நுழைவாயிலிலேயே சோதித்து உரிய வகைக்கு மாற்றுவதும் ஆகும். மென்பொருளுக்கு ஒப்பந்தம் வழங்கும் துறைகள் திரைகளின் தோற்றத்தைக் கேட்பதுடன், புதிய வகை ஒன்று சேர்க்கப்பட்டால் நிரலில் எவ்வெவ்விடங்கள் மாற வேண்டும் என்பதை யார் கண்டறிவார் என்றும் கேட்க வேண்டும். கம்பைலர் என்பது விடையானால், பிழை நிரலாளரின் மேசையிலேயே நின்றுவிடும். யாரும் இல்லை என்பது விடையானால், அதை முதலில் கண்டறியும் பொறுப்பு உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் முதியவர் மீதே விழும்.