குளிர்காலச் சந்தை - 7: எல்லோரையும் அவிழ்த்துவிடுங்கள்!

போன வாரம் வரை: பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட்டை 1969-ல் செயின்ட் லூயிஸ் கிளப் கேட்காமல் கொள்ளாமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார், வழக்குப் போட்டார், 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். இதற்குமேல் முன்கதை கேட்பவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் ‘டிரேடு’ எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். டிசம்பர் மாதம் மேஜர் லீக் கிளப்புகளின் ஜெனரல் மேனேஜர்கள் ஒரே ஹோட்டலில் கூடி, யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று ராப்பகலாகப் பேரம் பேசும் கூத்தைப் பற்றி. ஆனால் அங்கே போகிற வழியை மறித்துக்கொண்டு சார்லி ஃபின்லி நிற்கிறார். இந்த ஆளைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஃபின்லி, ஓக்லாண்ட் ஏ’ஸ் அணியின் அன்றைய முதலாளி. டாக்டர்களுக்கு இன்ஷூரன்ஸ் விற்றுப் பணம் சேர்த்தவர். ஒரு கோவேறு கழுதைக்குத் தன் பெயரையே வைத்து, ஹோட்டல் வரவேற்பறைக்கும் விருந்துகளுக்கும் கூட்டிக்கொண்டு போனவர். ஆரஞ்சு நிறப் பந்தில் ஆடலாம் என்றவர். 1972-ல் மீசை வளர்க்கும் வீரருக்குத் தலைக்கு 300 டாலர் என்று அறிவித்தார். அந்த மீசைக் கூட்டம் 1972, 73, 74 என மூன்று வருடம் தொடர்ந்து வேர்ல்டு சீரிஸை வென்றது. விடா புளூ என்ற இளம் பிட்சரிடம், பெயரை ‘ட்ரூ புளூ’ என்று மாற்றிக்கொள், பணம் தருகிறேன் என்றார். புளூ மறுத்துவிட்டார். ஜிம் ஹன்ட்டர் என்ற இன்னொரு பிட்சருக்கு ‘கேட்ஃபிஷ்’ என்று பட்டம் சூட்டி, சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் கெளுத்தி மீன் பிடித்ததாக ஒரு கதையையும் கட்டி, பத்திரிகைக்காரர்களிடம் இதைச் சொல் என்று மனப்பாடம் செய்ய வைத்தார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. பெயர் மட்டும் சாகும்வரை ஹன்ட்டரோடு இருந்தது.

அந்த ஹன்ட்டரிடம்தான் ஃபின்லி முதல் அடி வாங்கினார். 1974-ல் ஹன்ட்டரின் சம்பளம் ஒரு லட்சம் டாலர். அதில் பாதியை, 50,000 டாலரை, ஓய்வுக்காலத்துக்கென ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கட்டினால் தனக்கு வரிச் சலுகை கிடைக்காது என்று தெரிந்ததும் ஃபின்லி கட்டவில்லை. இன்ஷூரன்ஸிலேயே சம்பாதித்த மனிதர் இன்ஷூரன்ஸ் தவணை கட்டாமல் மாட்டிக்கொண்டார்! வழக்கு பீட்டர் சைட்ஸ் என்ற மத்தியஸ்தரிடம் போனது. ஒப்பந்தத்தை முதலாளி மீறிவிட்டார், ஹன்ட்டர் சுதந்திரமானவர் என்றார் சைட்ஸ்.

அதுவரை பேஸ்பால் பார்த்திராத காட்சி அடுத்த இரண்டு வாரங்களில் நடந்தது. வட கரோலினாவில் அஹோஸ்கி என்று ஒரு சின்ன ஊர். ஹன்ட்டரின் வக்கீல் அலுவலகம் அங்கே. ஏறக்குறைய எல்லா கிளப்பும் அந்த வாசலுக்கு ஆள் அனுப்பியது. யாங்கீஸ் அனுப்பியவர் கிளைட் கிளட்ஸ். பள்ளிப் பையனாக இருந்த ஹன்ட்டரை ஏ’ஸ் அணிக்கு முதலில் கண்டுபிடித்துக் கொடுத்தவரே அவர்தான். வேட்டையில் அண்ணன் துப்பாக்கி தவறுதலாக வெடித்துக் கால்விரல் ஒன்றை இழந்திருந்த பையனை, பரவாயில்லை, இவன் வீசுவான் என்று நம்பியவர். 1974 டிசம்பர் 31 அன்று ஹன்ட்டர் யாங்கீஸில் கையெழுத்திட்டார். ஐந்து வருடத்துக்கு 3 மில்லியன் டாலருக்கு மேல். அதைவிட அதிகம் தருவதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். பழகிய முகத்துக்காக அவர் யாங்கீஸ் போனார். ஏலம் போட்டால் வீரருக்கு என்ன விலை வரும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. (நம் ஐ.பி.எல். ஏலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அதிகம் கேட்டவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கிளட்ஸ் மாதிரி ஆளுக்கு ஏலக் கூடத்தில் வேலையில்லை.)

அடுத்த வருடமே சைட்ஸ் இன்னொரு குண்டைப் போட்டார். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் அதை ‘ஒரு வருடம்’ நீட்டித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. முதலாளிகள் அதை, ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம், ஆயுள் முழுக்க என்று படித்துவந்தார்கள். ஆண்டி மெஸர்ஸ்மித், டேவ் மெக்நேலி என்ற இரண்டு பிட்சர்கள் 1975 சீசனைக் கையெழுத்திடாமலே தொடங்கினார்கள். 1975 டிசம்பர் 23 அன்று சைட்ஸ் தீர்ப்பு: ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான். முதலாளிகள் அவரை உடனே வேலையை விட்டு நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை.

மெஸர்ஸ்மித் கதையில் ஒரு துணுக்கு. அவரை அட்லான்டா பிரேவ்ஸுக்கு வாங்கியவர் டெட் டர்னர், பின்னாளில் சி.என்.என். தொடங்கியவர். அப்போது டர்னரின் உள்ளூர் டி.வி. 17-ம் சேனலில் வந்தது. மெஸர்ஸ்மித்துக்கு 17-ம் எண் சட்டையைக் கொடுத்து, முதுகில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சேனல்’ என்று அச்சடித்துவிட்டார். லீக் தலைமை அதட்டிய பிறகுதான் கழற்றினார்கள். விடுதலைப் போராட்டத்தில் வென்ற வீரர் விளம்பரப் பலகையாக மைதானத்துக்கு வந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, ஃபின்லி. இப்போதுதான் அவருடைய பெரிய காட்சி வருகிறது.

சைட்ஸ் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டால், கையெழுத்திடாமல் ஒரு வருடம் ஆடும் எந்த வீரரும் விடுதலையாகிவிடலாம். முதலாளிகள் நடுங்கினார்கள். 1976 மார்ச்சில் பயிற்சி முகாம்களைப் பூட்டிவைத்தார்கள். உலகமே இடிந்து விழப்போகிறது என்று ஆளாளுக்குப் புலம்பியபோது ஃபின்லி மட்டும் வேறு யோசனை சொன்னார்: எல்லோரையும் அவிழ்த்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும், எல்லா வீரர்களையும்.

மற்ற முதலாளிகளுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கழுதையோடு விருந்துக்கு வருகிறவர் பேச்சை யார் கேட்பார்கள்? கேட்டு வெலவெலத்துப் போனவர் எதிர்ப்பக்கம் இருந்தார். வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர். உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்து 1966-ல் இங்கே வந்தவர். யாராவது ஒரு முதலாளி இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டுவிடுவாரோ என்பதுதான் தனக்கிருந்த பெரிய பயம் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

ஏன் பயம்? கணக்குப் போடுங்கள். அன்றைக்கு 24 கிளப், கிளப்புக்கு 25 பேர். மொத்தம் 600 வீரர்கள் ஒரே நவம்பரில் சந்தைக்கு வந்தால், ஒரு நல்ல பிட்சருக்காக நான்கு கிளப் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இவர் இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர். தக்காளி வரத்து கூடினால் என்ன ஆகும் என்று காய்கறி வாங்குகிற எவருக்கும் தெரியும். ஹன்ட்டருக்கு மில்லியன்கள் வந்தது அவர் திறமைக்காக மட்டுமல்ல. அந்த டிசம்பரில் சந்தையில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

அதனால் மில்லர் ஒரு விசித்திரமான வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. எல்லோருக்கும் விடுதலை என்ற உரிமையை வென்று கையில் வைத்திருக்கும் சங்கத் தலைவர், அதை முதலாளிகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்; அதுவும் அவர்களே கெஞ்சிப் பிடுங்கிக்கொண்டது போலத் தோன்ற வேண்டும். 1976 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. மேஜர் லீகில் ஆறு வருடம் முடித்தவர் மட்டும் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய கிளப்போடு விலை பேசலாம். முதலாளிகள் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்கள். அந்த நவம்பரில் சந்தைக்கு வந்தவர்கள் சுமார் இரண்டு டஜன் பேர். முதலில் விலைபோனவர் பில் கேம்பல் என்ற மினசோட்டா பிட்சர். சம்பளத்தில் சில ஆயிரம் டாலர் கூட்டிக் கேட்டதற்கு முதலாளி மறுத்திருந்தார், பாஸ்டன் ஒரு மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ரெஜி ஜாக்சன் என்ற நட்சத்திர வீரர் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லியனுக்கு யாங்கீஸ் போனார். 1976-ல் சுமார் 51,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம் 1980-ல் ஒரு லட்சத்து 43,000-ஐத் தாண்டியது.

இந்த ஒரு விஷயத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் கவனம் போகவில்லை. எல்லோரும் ஃப்ளட்டைச் சொல்கிறார்கள், சைட்ஸைச் சொல்கிறார்கள். இன்றைக்கு நிற்கும் சந்தையைக் கட்டியது அந்த ‘ஆறு’தான். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் கணக்கு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை யாரும் மதிக்கவில்லை, இன்னொருவர் வாயைத் திறக்கவில்லை.

கணக்கு தெரிந்த ஃபின்லியால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. எப்படியும் போகப்போகிறவர்களை விற்றாவது காசு பார்க்கலாம் என்று 1976 ஜூனில் ரூடி, ஃபிங்கர்ஸ் என்ற இரண்டு வீரர்களையும் தலா ஒரு மில்லியனுக்கு பாஸ்டனுக்கும், புளூவை ஒன்றரை மில்லியனுக்கு யாங்கீஸுக்கும் விற்றார். ஆட்டத்தின் நலனுக்கு உகந்ததல்ல என்று கமிஷனர் பௌவி கூன் விற்பனையை ரத்து செய்தார். ஃபின்லி வழக்குப் போட்டுத் தோற்றார். அந்தக் குளிர்காலத்தில் ரூடி, ஃபிங்கர்ஸ், பாண்டோ, கேம்பனெரிஸ், டெனஸ் என்று சாம்பியன் அணியே காலி. முதலாளிக்குப் பைசா வரவில்லை. 1977-ல் ஏ’ஸ் 98 ஆட்டங்களில் தோற்று, அந்த வருடம்தான் பிறந்த சியாட்டில் அணிக்கும் கீழே கடைசியில் நின்றது.

அதே 1976 குளிர்காலத்தில் ஃபின்லி விற்பதற்கு மிச்சமிருந்தவர் அணியை நடத்திய மேனேஜர் சக் டானர். அவரை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து, மேனி சங்கியன் என்ற கேட்சரையும் வாங்கினார், மேலே பணமும் பிட்ஸ்பர்க்தான் கொடுத்தது. 1978-ல் பிட்ஸ்பர்க் அதே கேட்சரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1979-ல் டானர் நடத்த, சங்கியன் இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நேரத்தில் வந்து அடித்து ஜெயிக்க வைக்க, பிட்ஸ்பர்க் வேர்ல்டு சீரிஸை வென்றது. இதாவது டிரேடு கணக்கில் சேரும் என்று நினைக்கிறேன். வாக்கில் கால்வாசி நிறைவேற்றியாயிற்று.

அந்த ஆறு வருடம் இன்றும் இருக்கிறது. அதை நாள் கணக்கில் அளக்கிறார்கள்: மேஜர் லீக் அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருடம். 2015-ல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தும், தடுப்பாட்டம் இன்னும் பழக வேண்டும் என்று கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 17 அன்று கூப்பிட்டார்கள். சீசன் முடிந்தபோது அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைவு, ஒரு வருடம் கூடுதல் அடிமைத்தனம். பிரையன்ட் முறையிட்டார், 2020 ஜனவரியில் தோற்றார். அந்தத் தடுப்பாட்டம் அத்தனை சரியாக எத்தனை நாளில் தேறியது என்று பார்த்தால் கப்ஸ் நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே சிரிக்கத்தான் தோன்றுகிறது. 2022-ல் வந்த ஒப்பந்தம் இதற்கு ஓர் ஒட்டுப் போட்டது: சிறந்த புதுமுகத் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருடம் கிடைக்கும். 2024 மே மாதம் வந்த பிட்ஸ்பர்க் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் அப்படித்தான் ஒரு வருடத்தைச் சம்பாதித்தார். ஆனால் அவர் 2025-ல் லீகின் சிறந்த பிட்சர் விருதை வென்றபோது வாங்கிய சம்பளம் 8,75,000 டாலர்.

அதே விதிதான் ஹுவான் சோட்டோவையும் உருவாக்கியது. 2018-ல் 19 வயதில் வந்ததால் 26 வயதில் விடுதலை. மெட்ஸ் 2024 டிசம்பரில் 15 வருடத்துக்கு 765 மில்லியன் கொடுத்தது. 24 வயதில் வந்த ஆரன் ஜட்ஜுக்கு விடுதலை 30 வயதில். 2022-ல் ஒன்பது வருடத்துக்கு 360 மில்லியன். இருவரில் யார் பெரியவர் என்று சண்டை போடுகிறவர்கள் முதலில் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. 1976-ல் மில்லர் செய்தது சரி. இன்றைக்கு அந்த ஆறின் லாபம் முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டது. வீரர்கள் இளம் வயதிலேயே உச்சத்தில் ஆடுகிறார்கள், பலர் விலை பேச வரும்போது வயது 30-ஐ நெருங்கிவிடுகிறது. இப்போதுள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. ஆறை ஐந்தாக்கக் கேட்கலாம், கேட்க வேண்டும். எல்லோருக்கும் எப்போதும் விடுதலை என்று மட்டும் சங்கம் உணர்ச்சிவசப்படக் கூடாது. அது ஃபின்லி விரித்த வலை.

சோட்டோ அந்த 765 மில்லியனுக்கு வரும் முன் இரண்டு முறை டிரேடு செய்யப்பட்டவர்; இரண்டு முறையும் பின்னணியில் ஓடியது இந்த ஆறு வருடக் கடிகாரம்தான். அங்கிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன். கூடவே 1962-ல் தனக்குத் தானே மாற்றாகக் கொடுக்கப்பட்ட ஹாரி சிட்டி என்ற கேட்சரும் வருவார். ஃபின்லிக்கு இனி இடமில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.