தாய்ப்பாலுக்கு அரசு வாங்கிய மார்க்கு

கன்று போட்டதும் சீம்பால் முதலில் கன்றுக்குத்தான் என்பதை எந்த உழவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம பிள்ளைக்கும் அதே கணக்குதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு வீட்டுச் சாப்பாட்டோடு 2 வயதும் அதைத் தாண்டியும் தாய்ப்பால். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது.

நாட்டில் நடப்பது என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் பால் கிடைத்த பிள்ளைகள் 41.8 சதவீதம்தான். 6 மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 63.7 சதவீதம்.

உடனே, "இந்தக் காலத்துப் பொண்ணுங்க இப்படித்தான்" என்று தாயைக் குறை சொல்லிவிடுகிறோம். விளைச்சல் குறைஞ்சா விதையை மட்டுமா திட்டுவோம்? மண்ணையும் பார்ப்போம். தாய்க்கு அந்த மண், அரசின் சட்டமும் திட்டமும்.

அதை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. 'உலகத் தாய்ப்பால் போக்குகள் முன்முயற்சி' என்று பெயர். சுருக்கமாக டபிள்யூ.பி.டி.ஐ. மொத்தம் 15 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 மார்க்கு. ஐந்து அம்சங்கள் பிள்ளைக்கு எப்படி ஊட்டப்படுகிறது என்பதைப் பார்க்கின்றன. மற்ற பத்தும் அரசுக்கான பரீட்சை. கொள்கை இருக்கிறதா, பிரசவ ஆஸ்பத்திரி தாய்ப்பாலுக்கு உதவுகிறதா, பால்பவுடர் கம்பெனிகளுக்குக் கடிவாளம் உண்டா, பேறுகால விடுப்பு எப்படி, வெள்ளம் புயல் வந்தால் கைக்குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்று கேள்விகள் போகும். கூட்டினால் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறம் கிடைக்கும்.

இந்தப் பத்தில் 2018-ல் இந்தியா வாங்கியது 100-க்கு 45. நிறம் மஞ்சள். பக்கத்து இலங்கை 91 வாங்கி, 2020-ல் உலகிலேயே முதல் பச்சை நாடு ஆனது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பால்பவுடர், டப்பா உணவு, பால்புட்டி எதற்கும் விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் இறுக்கப்பட்டது. பூச்சிமருந்துக்கும் வீரிய விதைக்கும் கம்பெனிக்காரர்கள் ஊருக்குள் எப்படி வந்தார்கள் என்று பார்த்த நமக்கு, இந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

பெரிய ஓட்டை விடுப்பில் இருக்கிறது. 2017 திருத்தத்தின்படி 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். இந்த விடுப்புச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், கடை, நிறுவனம் என்று பேசுகிறது. நாற்று நடும், களை பறிக்கும் கூலிப்பெண் அதில் இல்லை. அவருக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ரூபாய். 6 மாதத்துக்கு வகுத்தால் நாளைக்கு 100 ரூபாய். அதை வைத்து எந்தத் தாய் வீட்டில் இருந்து பால் கொடுக்க முடியும்?

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 15-ஆம் தேதி கிராம சபை. விவசாயக் கூலிப்பெண்ணுக்கும் 6 மாதக் கூலியோடு விடுப்பு வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவருவோம். அதுவரை, நம்ம வயலுக்கு வரும் கைக்குழந்தைக்காரிக்கு நிழலில் ஓர் இடமும், பால் கொடுக்கக் கூலி பிடிக்காத நேரமும் கொடுப்பது நம்ம கையில்தான் இருக்கு.