சூழல் மாறி

சூழல் மாறி என்பது ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது அதற்கு இயங்குதளத்தின் வழியாக வழங்கப்படும் பெயரும் மதிப்பும் கொண்ட இணை ஆகும். நிரலின் மூல வரிகளைத் திருத்தாமலேயே அதன் செயற்பாட்டை மாற்றியமைக்க இது உதவுகிறது. யுனிக்ஸ், லினக்ஸ், மாக் ஓஎஸ், விண்டோசு ஆகிய இயங்குதளங்களில் இவ்வசதி உண்டு. பல நிரல்களுக்குப் பொதுவான தகவலைக் கொண்டு சேர்ப்பதால் இதனை முழுதளாவிய மாறி என்றே கருதுவோர் உளர். ஆயினும் இவை இரண்டும் வெவ்வேறானவை.

வரலாறு

1979 ஆம் ஆண்டில் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சூழல் மாறிகள் இன்றைய வடிவில் இடம்பெற்றன. 1983 இல் வெளியான எம்எஸ்-டாஸ் 2.0 பதிப்பிலும் இவை சேர்க்கப்பட்டன. பின்னர் வந்த விண்டோசு இவற்றைத் தொடர்ந்து கையாண்டு வருகிறது.

எடுத்துக்காட்டுகள்

சூழல் மாறிகளின் பெயர்கள் வழக்கமாக ஆங்கிலப் பேரெழுத்துகளில் எழுதப்படும். அவற்றுள் சில:

- பாத்: கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளின் பட்டியல். அடைவுகள் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் முக்காற்புள்ளியாலும் விண்டோசில் அரைப்புள்ளியாலும் பிரிக்கப்படும்.
- ஹோம்: யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பயனரின் சொந்த அடைவு.
- லாங்: பயனரின் மொழியும் வட்டாரமும். லினக்சில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. உரிய குறியீட்டை அளித்தால், தமிழாக்கம் செய்யப்பட்ட நிரல்கள் தம் பட்டிகளைத் தமிழில் காட்டும்.

செயற்படும் விதம்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் செயலாக்கம் எனப்படும். ஒரு செயலாக்கம் மற்றொன்றைத் தொடங்கினால் முன்னது தாய் எனவும் பின்னது சேய் எனவும் வழங்கப்படும். சேய் தொடங்கும்போது, தாயின் சூழல் மாறிகளின் நகல் ஒன்று பொதுவாக அதற்கு அளிக்கப்படுகிறது. அதன்பின் இரண்டுக்கும் தொடர்பில்லை. சேய் தன் நகலில் செய்யும் மாற்றம் தாயைச் சென்றடையாது. தாய் பிறகு செய்யும் மாற்றமும் சேயை எட்டாது.

விண்டோசில் பாத் மாறியைத் திருத்திய பின்னரும், ஏற்கனவே திறந்திருக்கும் கட்டளைச் சாளரத்தில் பழைய மதிப்பே இருப்பதற்குக் காரணம் இதுவே. புதிய சாளரத்தைத் திறந்தால் புதிய மதிப்பு கிடைக்கும். யுனிக்ஸ் ஷெல்லில், எக்ஸ்போர்ட் கட்டளையால் குறிக்கப்பட்ட மாறிகள் மட்டுமே சேய்களுக்குச் செல்லும்.

முழுதளாவிய மாறியுடன் ஒப்பீடு

முழுதளாவிய மாறி ஒரே செயலாக்கத்தின் நினைவகத்தில் இருக்கும். அந்நிரலின் எந்தச் செயற்கூறும் அதனைப் படிக்கலாம், மாற்றலாம்; மாற்றம் உடனே ஏனைய செயற்கூறுகளுக்கும் தெரியும். சூழல் மாறியோ தாயிடமிருந்து சேய்க்கு மட்டும் செல்லும் ஒருவழிப் பாதையாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு முதன்மை நிரல் கணக்கிடுவதற்கு ஒரு துணை நிரலையும், அது முடிந்தபின் அச்சிடுவதற்கு மற்றொன்றையும் தொடங்குவதாகக் கொள்வோம். தரவுக் கோப்பு உள்ள அடைவின் பெயரைச் சூழல் மாறியில் வைத்தால் இரண்டு துணை நிரல்களும் அதனைப் பெறும். ஆனால் கணக்கிடும் நிரல் தான் கண்ட கூட்டுத்தொகையைச் சூழல் மாறியில் எழுதினால், அது முதன்மை நிரலுக்கும் தெரியாது, அச்சிடும் நிரலுக்கும் தெரியாது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால் தவறைக் கண்டறிவதும் கடினம். விடையைத் திருப்பியனுப்பக் கோப்பு, குழாய், பகிர்நினைவகம் போன்ற வழிகளையே நாடவேண்டும்.

வரம்புகள்

சூழல் மாறியின் மதிப்பு எப்போதும் எழுத்துச் சரமே. எண் தேவையெனில் நிரலே அதனை மாற்றிக்கொள்ள வேண்டும். பூச்சியம் என்னும் இலக்கத்தை மதிப்பாக அளித்தாலும், பைத்தான் மொழி அதனை வெறுமையற்ற சரமாகக் கொண்டு மெய் என மதிப்பிடும்.

பல இழைகளில் இயங்கும் நிரலில் ஓர் இழை சூழல் மாறியைப் படிக்கையில் மற்றோர் இழை அதனை மாற்றினால் நிரல் நிலைகுலையக்கூடும். இதனால் ரஸ்ட் மொழியின் 2024 பதிப்பில், சூழல் மாறியை மாற்றும் செயற்கூறு பாதுகாப்பற்றது எனக் குறிக்கப்பட்டுள்ளது. நிரலின் தொடக்கத்தில் ஒருமுறை படித்து, மதிப்புகளைத் தன் சொந்த மாறிகளில் வைத்துக்கொள்வதே நல்ல வழக்கமாகும்.

பாதுகாப்பு

கடவுச்சொற்களை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறிகளில் வைப்பது பரவலான வழக்கம். எனினும் தனியாக நீக்கப்படாவிட்டால், அந்நிரல் தொடங்கும் ஒவ்வொரு சேயும் அவற்றையும் பெறும் என்பது கருதத்தக்கது.

2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ஷெல்ஷாக் என்னும் குறைபாடு பாஷ் ஷெல்லில் இருந்தது. சூழல் மாறியின் மதிப்பில் செயற்கூறு வரையறை ஒன்றும் அதன் பின்னே கட்டளை ஒன்றும் இருந்தால், பாஷ் தொடங்கும்போதே அக்கட்டளையையும் இயக்கிவிடும். சில வலை வழங்கிகள் வெளியிலிருந்து வரும் கோரிக்கையின் விவரங்களைச் சூழல் மாறிகளில் இட்டுப் பிற நிரல்களைத் தொடங்குவதால், தொலைவில் உள்ளவரும் வழங்கியில் கட்டளைகளை இயக்க முடிந்தது. எனவே சூழல் மாறியின் மதிப்பையும் வெளியிலிருந்து வரும் உள்ளீடாகவே கருதிச் சரிபார்த்தல் வேண்டும்.