காயம்பட்ட மானும் நம் வீட்டு அடுப்பும்



வன்னியில் காட்டோரம் வாழும் குடும்பங்களுக்கு மான் இறைச்சி புதினமான பொருளல்ல. ஒருநாள் அந்தி சாயும் வேளையில் தெரிந்தவர் ஒருவர் பையோடு வருவார். "மரை இறைச்சி, நல்ல இளசு" என்பார். வாங்கி வைக்கும் ஆண்கள் வாங்கி வைத்ததோடு சரி. கழுவுவதும், ஆக்குவதும், பிள்ளைகளின் தட்டில் வைப்பதும் நீங்கள்தாம். அந்த உயிர் எப்படிப் போனது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கோழி வாங்கினால் "யார் அறுத்தது?" என்று கேட்கிறோம். மாட்டிறைச்சிக் கடை யாருடையது என்று பார்க்கிறோம். காட்டிலிருந்து வருவதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை. வேட்டையைப் பற்றி மார்க்கம் விரிவாகவே பேசியிருக்கிறது. அதிலும் அடிபட்டு ஓடி மறைந்த பிராணியைப் பற்றி மிக நுணுக்கமாகப் பேசியிருக்கிறது. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அம்பு பட்ட மான் உடனே விழுவதில்லை

வில் வேட்டை இலங்கைக்கு மிகப் பழையது. கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்து, 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் காட்டு வேடர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். அவர்களுக்கு அம்பு முனை வேண்டுமானால், இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் ஓர் இலையை வெட்டி அதனோடு வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த அளவுக்கு முனை செய்து கொடுப்பான். அம்பு முனையின் வடிவில் அத்தனை கவனம்! கூரான அம்பு மானை அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. இரத்தம் வடியச் செய்தே கொல்கிறது. ஆகையால் அம்பு பட்ட மான் நின்ற இடத்தில் விழாமல் ஓடும். ஓடிய மானைத் தேடிக் கண்டெடுப்பதே வேட்டைக்காரனின் பெரிய வேலை.

இன்று அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு வில் வேட்டைக்குப் போகிறவர்களும் முதலில் படிக்கும் பாடம் இதுதான். அம்பு விட்டதும் பின்னால் ஓடக் கூடாது. மான் நின்ற இடத்தையும் மறைந்த திசையையும் மனதில் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு இரத்தத்தைப் பார்க்க வேண்டும். வெளிர்சிவப்பாக நுரைத்திருந்தால் அம்பு நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் பெரும்பாலும் தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்து, மென்ற புல்லின் வாடை வீசினால் இரைப்பை. இன்னும் அதிக நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் மான் மீண்டும் எழுந்து ஓடி, வேதனையோடு எங்கோ கிடந்து சாகும். வயிற்றில் காயம்பட்ட மான் தண்ணீரைத் தேடிப் போவதும் உண்டு. குளங்கள் நிறைந்த வன்னியில் அது எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

இத்தனையையும் நான் சொல்வது உங்களை வேட்டைக்கு அனுப்புவதற்காக அல்ல. கீழே வரும் மார்க்கச் சட்டத்தின் நுட்பம் இதை அறிந்தால்தான் விளங்கும்.

அதீ (ரழி) கேட்ட கேள்வி

வள்ளன்மைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயின் மகன் அதீ (ரழி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டை பற்றிக் கேட்டு அறிந்த விளக்கம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது: அல்லாஹ்வின் பெயர் கூறி அம்பு எய்ய வேண்டும். பிராணி ஒருநாள் கண்ணுக்கு மறைந்து, பின்னர் கிடைத்து, அதில் எய்தவரின் அம்பின் காயத்தைத் தவிர வேறு காயம் இல்லையென்றால் உண்ணலாம். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் உண்ணக் கூடாது. காரணம், அதைக் கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாது.

இரத்தத் தடம் குளக்கரையில் போய் முடிகிற காட்சியை இப்போது நினைத்துப் பாருங்கள். சட்டம் காட்டின் நடப்பை அறிந்து வந்திருக்கிறது. அபூ ஸஃலபா (ரழி) அவர்களின் அறிவிப்பில், மூன்று நாட்களுக்குப் பின் கிடைத்தாலும் நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்று வருகிறது. வயிற்றில் அடிபட்ட மான் வெயிலில் எவ்வளவு விரைவில் கெட்டுவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் அருமை புரியும்.

நம் ஷாஃபிஈ மத்ஹபில் பேணுதல் இன்னும் அதிகம். காயப்பட்டு மறைந்து, பின்னர் இறந்து கிடந்த பிராணி ஆகாது என்பதே வலுவான சொல் என இமாம் நவவி (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் எழுதுகிறார்கள். அதே இமாம் 'ரவ்ழா' நூலில், ஆதாரத்தைப் பார்த்தால் ஆகும் என்ற சொல்லே சரியானது என்கிறார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் எப்படிச் செத்தது என்று தெரியாத பிராணிக்கு இடமில்லை. உயிரோடு கையில் கிடைத்தால் அறுத்தே ஆகவேண்டும். அறுக்க வாய்ப்பிருந்தும் அறுக்காமல் சாகவிட்டால் அது ஹராம்.

வன்னியில் இன்று நடப்பது என்ன?

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களும் தம் மக்களை இழந்தன. 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பியவர்களில் பலர் தம் காணிகளில் காடு வளர்ந்திருக்கவே கண்டார்கள். காட்டுப் பன்றி பயிருக்கு வருகிறது. மானும் மரையும் வருகின்றன. பயிரைக் காக்கவென்றும் இறைச்சிக்காகவும் சிலர் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கிறார்கள். இவற்றை வைத்தவர் வீட்டில் தூங்குவார். அடிபட்ட பிராணி இரவெல்லாம் துடிக்கும். கட்டுத்துவக்குக்கு மானென்றும் மனிதனென்றும் தெரியாது. தீனி வெடியில் வாய் சிதைந்த யானை இரையெடுக்க முடியாமல் பல நாள் கிடந்து சாகிறது.

இந்த இறைச்சியின் நிலை என்ன? அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம், கழுத்து நெரிந்து செத்ததையும், அடிபட்டுச் செத்ததையும், விழுந்து செத்ததையும், உயிரோடு பிடித்து அறுத்தாலே தவிர, ஹராமாக்குகிறது. சுருக்கில் மாட்டிச் செத்தது அதில் வந்துவிடும். வைத்துவிட்டுப் போன ஆயுதம் தானாகக் கொன்ற பிராணியும் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. கையால் சுட்ட துவக்குக் குண்டில் செத்ததைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; உயிர் இருக்கும்போதே அறுத்ததில் பிரச்சினை இல்லை.

இதற்கு மேல் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் மானையும் மரையையும் பாதுகாக்கின்றன. அவற்றைக் கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். குடும்பத் தலைவர் சிறைக்குப் போனால் அடுப்பில் கறி எரியுமா? தடம் பார்த்துக் காட்டுக்குள் போகிறவனுக்கு வன்னியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கண்ணிவெடிகள் அகற்றப்படாத இடங்கள் இருந்தன. ஆண்டுக்கணக்காக அகற்றும் வேலை நடந்து வந்திருக்கிறது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில் எந்த மானும் ஒரு மனித உயிருக்கு ஈடாகாது.

நிழலில் சுருண்டு கிடந்த மான்

நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்து மக்காவை நோக்கிச் சென்ற பயணத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகளை இமாம் மாலிக் (ரஹ்) 'முவத்தா'வில் பதிவு செய்துள்ளார்கள். ரவ்ஹா என்ற இடத்தில் காயம்பட்ட காட்டுக்கழுதை ஒன்றைக் கண்டார்கள். அதற்குரியவர் வந்துவிடுவார், அதை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். அப்படியே வேட்டையாடியவர் வந்தார். அதை அவர்களுக்கே கொடுத்தார். அபூபக்ர் (ரழி) அவர்கள் தோழர்களுக்குப் பங்கிட்டார்கள்.

இன்னும் சற்றுத் தூரம் சென்றபோது, அம்பு தைத்த மான் ஒன்று நிழலில் சுருண்டு படுத்திருந்தது. பயணக் கூட்டம் முழுதும் கடந்து போகும்வரை எவரும் அதைத் தொந்தரவு செய்யாதிருக்க, ஒருவரை அதன் அருகில் நிற்க வைத்தார்கள்.

எத்தனை பேர் சென்ற கூட்டம்! அதில் ஒரு மனிதரை ஒரு காயம்பட்ட மானுக்குக் காவலாக நிறுத்தினார்கள். ரவ்ஹாவில் அதற்குரியவர் வருவார் என்றார்கள். அம்பு எய்தவனுக்கு அந்த உயிர் பொறுப்பு. அவன் தேடி வரவேண்டும். கட்டுத்துவக்கை வைத்துவிட்டுத் தூங்குகிறவனுக்கும் இவனுக்கும் எவ்வளவு தூரம்!

நீங்கள் செய்யக் கூடியவை

சகோதரிகளே, காட்டு இறைச்சி வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்படிப் பிடிபட்டது? உயிரோடு இருக்கும்போது அறுத்தது யார்? சட்டம் இதை அனுமதிக்கிறதா? பதில் தடுமாறினால் பையை வாங்காதீர்கள். கொண்டு வந்தவர் உறவினராக இருந்தாலும் மரியாதையோடு மறுக்கலாம். "எங்கள் வீட்டில் ஆக்குவதில்லை மச்சான்" என்ற ஒரு சொல் போதும். வாங்குகிற வீடு குறைந்தால் வைக்கிற துவக்கும் குறையும்.

அடிபட்ட மான் உங்கள் வளவுக்குள் வந்து விழுந்தால், நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே அழையுங்கள், கூட்டம் சேரவிடாதீர்கள். கிராம அலுவலரிடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ உடனே தகவல் கொடுங்கள். அவர்கள் வரும்வரை சற்று விலகி ஒருவர் காவலுக்கு நில்லுங்கள். அன்று அந்த மானின் அருகில் நிறுத்தப்பட்டவரின் வேலை அதுதான்.